பிரித்துக் கட்டுவதா, வேறு தூக்கி வைப்பதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இஞ்சின் கணக்கு

ஃபெஞ்சல் புயல் கரை கடந்த 2024 நவம்பர் 30-ஐப் புதுச்சேரியில் யாரும் லேசில் மறக்கமாட்டார்கள். 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக இறங்கிக் கடலூருக்குள் புகுந்தது. வீட்டுக்குள் கட்டில் மிதந்த கதைகள் எல்லோருக்கும் தெரியும். ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த பழைய கார்களின் கதை அவ்வளவாக வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றேதான்: "இஞ்சின் போச்சுன்னு மெக்கானிக் சொல்றார். பிரிச்சு வேலை பார்க்கவா, வேற இஞ்சின் போட்டுடவா?"

கேட்டவர்களிடம் இருப்பவை ஒரு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், ஒரு எம்.ஜி.பி. (இரண்டும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள்), கூரை மடக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று. ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இஞ்சின் உறவில் அது ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன் முறை. அதனால் இந்தப் பந்தியில் அதற்கும் ஓர் இலை போடுகிறேன்.

என்னிடம் இருப்பது 1969-ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் மார்க் 3. 1296 சி.சி., இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், புதிதில் 75 குதிரைசக்தி. அதன் இஞ்சினை இரண்டு முறை பிரித்துக் கட்டியிருக்கிறேன். ஒருமுறை செய்யவேண்டிய வேலை ஏன் இரண்டு முறை ஆனது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆக, என்னை நடுநிலைக்காரன் என்று நினைத்துப் படிக்கவேண்டாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எவ்வளவு ஆகும், எவ்வளவு ஓடும் என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். என் வரிசையில் அவை கடைசி.

முதலில் பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் உள்ள வார்ப்பின், உடம்பு. விரிசல் இருக்கிறதா, போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இதற்குமுன் எத்தனை முறை போரிங் போட்டு அந்தத் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இரண்டாவது, காகிதம். ஆர்.சி.யில் உள்ள இஞ்சின் எண்ணும் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணும் இன்று ஒத்துப்போகிறதா? பலருக்கு இந்த இடத்திலேயே தூக்கிவாரிப் போடும். மூன்றாவது, வண்டியை எதற்கு ஓட்டப்போகிறீர்கள். ஞாயிறு விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை போய்வருவது வேறு, தினமும் கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம் நெரிசலைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வேலைக்கு வருவது வேறு. நான்காவது, கை. போரிங், ஹோனிங் (போரின் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை அரைப்பது) மூன்றையும் அளவு பிசகாமல் செய்யும் ஆள் எட்டுகிற தூரத்தில் இருக்கிறாரா? ஐந்தாவது, திரும்பிவரும் வழி. நாளைக்கு மனசு மாறினாலோ, வண்டியை விற்க நேர்ந்தாலோ பழைய நிலைக்குக் கொண்டுபோக முடியுமா? பணமும் நாளும் இவற்றுக்குப் பிறகு.

## எதற்கும் முன்னால்: அளந்து பார்த்தீர்களா?

"போச்சு" என்று யார் சொன்னாலும் நான் எண் கேட்பேன். எண் இல்லையென்றால் இன்னும் எதுவும் போகவில்லை என்றுதான் வைத்துக்கொள்கிறேன்.

வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக் நான்கையும் கழற்றுங்கள், தண்ணீரை வெளியே விடுங்கள், ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். சிலிண்டருக்குள் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவையுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். வெள்ளம் வடிந்த மறுநாளே செல்ஃப் அடித்துப் பார்த்ததால்தான் பல இஞ்சின்கள் செத்தன, வெள்ளத்தால் அல்ல.

சுற்றுகிற இஞ்சினாக இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பாருங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி நான்கு சிலிண்டருக்கும் அளவெடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து இறங்கியிருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். வால்வும் கேஸ்கெட்டும் என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்தது ஆயில் பிரஷர். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு 2000 ஆர்.பி.எம்.மில் 40 முதல் 60 பி.எஸ்.ஐ. காட்டவேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் ஆயில் விளக்கை நம்பாதீர்கள். பிரஷர் தரைமட்டத்துக்கு வந்தபிறகுதான் அது கண் விழிக்கும்.

ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த இஞ்சின்களில் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை பிறைநிலா வடிவில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்ச்சை மிதிக்கிற ஒவ்வொரு முறையும் சுமை அவற்றின்மேல்தான். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழுந்துவிடும். பிறகு கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்கும். ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு, புல்லியில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். என் வண்டிக் கையேடு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. புல்லி அசைவது கண்ணுக்கே தெரிந்தால் அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். சம்ப்பைக் கழற்றிப் புது வாஷர் போடுவது சில்லறைச் செலவு. அரைபட்ட பிளாக் அப்படியில்லை.

## ஒரே பார்வையில்

| | பிரித்துக் கட்டுவது | அதே குடும்பத்து இஞ்சின் | வேறு கம்பெனி இஞ்சின் |
|---|---|---|---|
| எப்போது சரி | பிளாக் முழுசாக, போரில் இன்னும் இடம் இருந்தால் | பிளாக் வெடித்திருந்தால், அசல் இஞ்சின் ஏற்கெனவே காணாமல் போயிருந்தால் | தினசரி ஓட்டம், அசல்தன்மை பற்றிக் கவலை இல்லாதபோது |
| ஆர்.சி. | அதே எண், மாற்றம் இல்லை | புது எண்ணுக்கு அனுமதி வேண்டும் | அனுமதி கிடைப்பதே கேள்வி |
| விண்டேஜ் பதிவு | வழி திறந்திருக்கும் | விளக்கம் சொல்லவேண்டி வரலாம் | மறந்துவிடலாம் |
| மறைந்திருக்கும் செலவு | இறக்குமதிப் பொருள், "இதையும் பார்த்துடலாம்" வேலைகள் | வாங்கிய இஞ்சினையும் பிரிக்கவேண்டி வருவது | மவுண்ட், ஷாஃப்ட், வயரிங், பிரேக், கூலிங் |
| திரும்பும் வழி | தேவையே இல்லை | எளிது | வெல்டிங்கும் கட்டிங்கும் செய்துவிட்டால் கடினம் |

## இருக்கும் இஞ்சினைப் பிரித்துக் கட்டுவது

1296 சி.சி. ஸ்பிட்ஃபயரின் போர் 73.7 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76. தேய்ந்த போரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது, முப்பது, நாற்பது பங்கு என்று படிப்படியாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். லேத்துக்காரர்கள் "இருபது, முப்பது, நாற்பது" என்று மட்டும் சொல்வார்கள். உங்கள் வண்டியில் ஏற்கெனவே நாற்பது போட்டிருந்தால் அடுத்த வழி ஸ்லீவ் (போருக்குள் பொருத்தும் உருளைக் குழாய்) இறக்கி மறுபடி அசல் அளவுக்கு வருவது. அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எல்லாப் பட்டறையும் அதை ஒழுங்காகச் செய்யாது. ஸ்லீவ் கொஞ்சம் இறங்கினாலும் ஹெட் கேஸ்கெட் நிற்காது.

கிராங்குக்கும் இதே கதை, தலைகீழாக: பத்து, இருபது, முப்பது என்று அரைத்துச் சிறிதாக்கி, அந்த அளவு பேரிங் போடுவார்கள். அரைப்பதற்கு முன்னால் விரிசல் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

வேலையை ஆரம்பித்துவிட்டால் இன்னும் இரண்டு சேர்த்துச் செய்யவேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அறுபதுகளின் வால்வு சீட்டுகள் அந்த ஈயத்தை நம்பி வார்த்தவை. எக்சாஸ்ட் பக்கம் கடினமான சீட் இன்செர்ட் போட்டுவிடுங்கள். இரண்டாவது எத்தனால். இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மெல்ல ஊறவைத்துக் கரைக்கும். இஞ்சின் புதிதாக இருந்து, ஹோஸ் கசிந்து, சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

என் முதல் ஓவர்ஹால் கதைக்கு வருகிறேன். பட்டறை பெயர் வேண்டாம். போரிங் பிரமாதம், கிரைண்டிங் பிரமாதம், கண்ணாடி மாதிரி இருந்தது. ஓடத் தொடங்கி 300 கிலோமீட்டரில், கன்னியகோவில் தாண்டி, அடியிலிருந்து "டக் டக்" சத்தம். பிரித்துப் பார்த்தால் புது பேரிங் முழுக்கக் கீறல். பிளாக்கைக் கழுவியவர்கள், அதற்குள் ஆயில் ஓடும் துளைகளான ஆயில் கேலரியின் முனைகளில் இருக்கும் பிளக்குகளைக் கழற்றவே இல்லை. போரிங் போட்ட பொடியும் ஐம்பது வருட மண்டியும் அந்தத் துளைகளுக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, முதல் பிரஷரில் கிளம்பி நேராகப் பேரிங்குக்குப் போயிருக்கிறது. கேட்டால், "அதையெல்லாம் யாரும் கழட்ட மாட்டாங்க சார்" என்றார்கள். இரண்டாம் முறை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் வேறொரு பட்டறையில், பிளக்கைக் கழற்றி, நீள பிரஷ் விட்டுத் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பட்டறை அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

செலவு விஷயத்தில் பலர் லேத்துக் கூலியைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள். என் பில்லில் லேத்துக் கூலி ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், டைமிங் செயின் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தன. பொருளோடு சரக்குக் கட்டணமும் சுங்கமும் சேர்ந்து பாதிக்குமேல் தின்றுவிட்டன. மீதி, "இஞ்சின் வெளியில இருக்கறப்பவே பார்த்துடலாம்" என்று தொடங்கும் வேலைகள்: கிளட்ச், ரேடியேட்டர், வாட்டர் பம்ப், மவுண்ட் ரப்பர், கார்புரேட்டர். அந்த வாக்கியத்துக்குத் தனியாக ஒரு பட்ஜெட் போடுங்கள். நாளும் அப்படித்தான். இரண்டு மாதம் என்று ஆரம்பித்தது ஏழு மாதத்தில் முடிந்தது. அதில் ஐந்து மாதம் பார்சலுக்குக் காத்திருந்தது.

ஓடவிடும்போது வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைக் கவனியுங்கள். புது கேமும் அதன்மேல் உரசும் டாப்பெட்டும் போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்.பி.எம்.மில் இருபது நிமிடம் நிறுத்துங்கள். துத்தநாகச் சேர்மானம் போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50 ஆயில் போடுங்கள். நவீன காருக்கான மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது.

## அதே குடும்பத்து இஞ்சின்

வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டில் இருப்பது 948 சி.சி. இஞ்சின். ஸ்பிட்ஃபயரின் 1147, 1296, 1493 எல்லாம் அதே வம்சம். மவுண்டும் கியர்பாக்ஸ் சேரும் முகமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஃப்ளைவீல், கிளட்ச் அளவை மட்டும் கவனமாகப் பார்க்கவேண்டும். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். நம் அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சினும் அவற்றின் இஞ்சினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் (பி.எம்.சி.) பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம்.

இதன் அழகு, வண்டியில் எதையும் வெட்டவேண்டாம். அசல் இஞ்சினை ஆயில் தடவிப் பிளாஸ்டிக் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, வேறொன்றைப் போட்டு ஓட்டலாம். கடற்காற்று அடிக்கும் ஊரில் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புகாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

இழப்பும் உண்டு. ஸ்பிட்ஃபயரில் ஒற்றைக் கார்புரேட்டர் 948 போட்டால் அசலின் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார், ஏற்றத்தில் மாட்டுவண்டி. 1493 போடலாம் என்றால், அது அதே 73.7 போரில் ஸ்ட்ரோக்கை 87.5 மில்லிமீட்டருக்கு நீட்டிய இஞ்சின். இழுவை நன்றாக இருக்கும். ஆனால் நெடுநேரம் உயர் ஆர்.பி.எம்.மில் விரட்டினால் அடிப்பக்கப் பேரிங்குகள் மன்னிக்காது.

சென்னைப் புதுப்பேட்டையில் தேடி எடுக்கும்போது "ஓடிட்டிருந்த இஞ்சின் சார், அப்படியே தூக்கினது" என்பார்கள். எல்லா இஞ்சினும் ஒரு காலத்தில் ஓடிக்கொண்டிருந்ததுதான். மேலே சொன்ன அளவெல்லாம் அதற்கும் எடுங்கள். பாதிக்குப் பாதி, வாங்கியதையும் பிரிக்கவேண்டி வரும். அப்படியானால் ஓர் இஞ்சின் விலையை வீணாகக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் விற்பனை ரசீதும் இல்லாமல் கையில் வாங்கவே வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் எண் உங்கள் பானட்டுக்குள் இருப்பதைப் போலீஸ் கண்டுபிடித்தால், பழைய கார்ப் பிரியம் சாட்சியாக நிற்காது.

## வேறு கம்பெனி இஞ்சின்

இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் மாருதி ஜிப்சி. காரணம் இருக்கிறது. 1298 சி.சி. ஜி13 இஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுவதற்கென்றே வடிவமான கியர்பாக்ஸோடு வருகிறது. நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால் அதை விட்டுவிட்டு கியர்பாக்ஸை மட்டும் எடுக்கலாம். ஐந்து கியர். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். பின்னாளில் வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன்) மாடல் 80 குதிரைசக்தி, அதாவது என் ஸ்பிட்ஃபயரின் அசலைவிட ஐந்துதான் அதிகம். பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கும். காலையில் சாவியைத் திருகினால் பிடிக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இதன் ஆசை எனக்குப் புரியாமலில்லை.

இப்போது மறைந்திருப்பவை. இஞ்சின் மவுண்ட், சம்ப் வடிவம், ரேடியேட்டர், புது நீளத்துக்கு வெட்டி பேலன்ஸ் செய்த ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பீடோ கேபிள், எக்சாஸ்ட். இன்ஜெக்ஷன் என்றால் அதிக பிரஷர் பம்ப்பும் டேங்குக்குத் திரும்பும் லைனும். வயரிங் இன்னொரு காடு. ஆரம்பகால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வை இணைத்தால் ஒரு நொடியில் புகை. முன்பக்கம் எடை குறைந்து மூக்கு தூக்கும், ஸ்ப்ரிங் மாற்றவேண்டும். ஸ்பிட்ஃபயரின் ஆரம்ப மாடல்களின் ஸ்விங் ஆக்சில் வளைவில் வேகத்தைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணமுள்ளது. 1970-இல் மார்க் 4 வந்தபோதுதான் அதை ஓரளவு சரிசெய்தார்கள். அதில் இன்னும் சக்தியை ஏற்றுவதற்கு முன்னால் பிரேக்கையும் பின் சஸ்பென்ஷனையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சுவர் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியில் மாற்றம் செய்யக்கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. புதுச்சேரிப் பதிவானாலும் கடலூரின் டி.என். 31 ஆனாலும், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பிறகு ஸ்பேனரை எடுங்கள். "எல்லாரும் பண்றாங்க, ஒண்ணும் ஆகாது" என்பது விபத்து ஆகும்வரைதான். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இஞ்சின் எண்ணைத்தான்.

இன்னொன்றையும் இழக்கிறீர்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும், எண் பலகையில் 'வி.ஏ.' எழுத்து. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் ஆகியிருக்கக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ஓட்டலாம் என்ற நிபந்தனையும் உண்டு. தினமும் ஓட்ட நினைப்பவருக்கு அந்தப் பதிவே வேண்டாம். பேரக்குழந்தைக்கு விட்டுப்போக நினைப்பவருக்கு அதுதான் வேண்டும்.

மின்சார மோட்டார் போடலாமே என்றும் ஒருவர் கேட்டார். அங்கீகாரம் பெற்ற கிட் என்றால் சட்டம் இடம் கொடுக்கிறது. ஸ்பிட்ஃபயரின் சத்தம் பிடிக்காதவர் ஏன் ஸ்பிட்ஃபயர் வாங்கினார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

## கேட்டவர்களுக்குச் சொன்னது

ஹெரால்டுக்காரர் முதலியார்பேட்டையில் இருக்கிறார். பிளாக்கின் பக்கவாட்டில் ராடு உடைத்துக்கொண்டு வெளியே வந்த ஓட்டை. அதற்கு ஸ்லீவ் பதில் சொல்லாது. அதே 948 இன்னொன்று தேடுங்கள், காகிதத்தோடு எடுங்கள், பழையதன் ஹெட்டையும் கிராங்கையும் பத்திரப்படுத்துங்கள் என்றேன்.

எம்.ஜி.பி.காரர் தினமும் ஓட்டவேண்டும் என்றார். அசல் இஞ்சின் அவர் வாங்குவதற்கு முன்பே போய்விட்டது, உள்ளே இருப்பது அம்பாசிடர் இஞ்சின், ஆர்.சி.யில் இருப்பதோ வேறு எண். அவருக்கு ஜிப்சி ஆசை. இஞ்சின் பேச்சை நிறுத்திவைத்து, முதலில் அந்த எண்ணைச் சரிசெய்யச் சொன்னேன். அது முடியும்வரை இருக்கிற அம்பாசிடர் இஞ்சினுக்கு ரிங் மாற்றிக்கொண்டு ஓட்டுவதே மேல். அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை.

மஞ்சக்குப்பத்து ஸ்பிட்ஃபயர்க்காரர் வெள்ளத்தில் சிக்கியவர். ஜிப்சி இஞ்சினுக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் இருந்தார். டீசல் ஊற்றி ஊறவைத்தோம். பத்தாம் நாள் கிராங்க் அசைந்தது. பிரித்ததில் மூன்று போர் நன்றாக இருக்கிறது, நான்காவதில் தண்ணீர் நின்ற மட்டத்தில் துருக் குழி. லேத்துக்காரர் நாளைக்கே இருபது போட்டுவிடலாம் என்கிறார். பிஸ்டன் வந்து, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவுக்குத்தான் போரை வெட்டவேண்டும் என்று சொல்லிப் பிளாக்கை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டோம். இப்போது அது அவர் வீட்டு வராந்தாவில் பழைய பெட்ஷீட் போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. பார்சல் இன்னும் சுங்கத்தில்.